காற்று பார்க்கும் பஞ்சவர்ணம்

எங்கள் கம்பெனியில் பஞ்சவர்ணத்துக்கு ஒரே வேலைதான். காற்று பார்ப்பது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிகளின் ஏர் பிரேக்குக்கு வால்வு செய்யும் சின்னக் கம்பெனி அது. மொத்தம் முப்பது பேர். ஆண்கள் லேத்தில் நிற்பார்கள். பெண்கள் ஏழு பேர் பெஞ்சில் உட்கார்ந்து வால்வு பூட்டுவோம். பூட்டியதெல்லாம் கடைசியில் பஞ்சவர்ணத்திடம் போகும். அவள் ஒவ்வொன்றையும் காற்று வரும் ஏர் லைனில் மாட்டி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, வாய்க்குள் பத்து வரை எண்ணுவாள். அதற்குள் ஒரு குமிழி மேலே வந்தாலும் வால்வு எங்களிடமே திரும்பி வந்துவிடும். நான் பூட்டியவை எத்தனையோ தடவை திரும்பி வந்திருக்கின்றன. பதினோரு வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தவள் என்ற தாட்சண்யம் கொஞ்சமும் கிடையாது.

"ஒரு குமிழிதானேடி, வுடேன்" என்பேன்.

"அந்த லாரிக்கு முன்னால உம்புள்ள சைக்கிள்ல போனா வுடுவியா வசந்தா?" என்பாள்.

மனசுக்குள் திட்டிக்கொண்டே மறுபடி பிரித்துப் பூட்டுவேன்.

1992 பொங்கலுக்கு முதலாளி பக்தவத்சலம் ஒரு கார் வாங்கினார். வெளிநாட்டுக் கார், பழசு. யாரோ நொடித்துப்போன சினிமா தயாரிப்பாளரிடமிருந்து வந்ததாம். நீளமென்றால் அப்படியொரு நீளம். அது கேட்டுக்குள் திரும்புவதற்காகவே எங்கள் சைக்கிள் ஸ்டாண்டை இடித்தார்கள், எனக்கு அந்தக் காரை அன்றைக்கே பிடிக்காமல் போயிற்று. அதில் ஸ்பிரிங் கிடையாதாம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ரப்பர்ப் பைகள், உள்ளே காற்று. எஞ்சின் ஓடும்போது ஒரு கம்ப்ரெஸர் காற்றை அடித்து அடியில் உள்ள டாங்க்கில் சேர்க்கும், டாங்க்கிலிருந்து பைகளுக்குப் போகும். பள்ளத்தில் விட்டாலும் மடியில் வைத்த தண்ணீர் தளும்பாது என்று டிரைவர் ஜெயபால் பெருமையடித்தான். அவன் கரையான்சாவடிப் பையன், முப்பது வயது இருக்கும், அம்மாவைத் தவிர வேறு யாருமில்லை. அரசு பஸ் டிரைவர் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வரும்வரை முதலாளியிடம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை அவன் எட்டு மணிக்கு வந்து பார்த்தால், கார் பின்பக்கம் இடது மூலையில் உட்கார்ந்திருந்தது. எருமை ஒரு காலை மடக்கிப் படுக்கப் போகுமே, அப்படி. பதறிப்போய் ஸ்டார்ட் பண்ணினான். பத்து நிமிஷத்தில் மெல்ல எழுந்து சமமாக நின்றுவிட்டது. அன்று முழுவதும் ஒரு குறையும் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மறுபடியும் உட்கார்ந்திருந்தது.

இப்படியே ஒன்றரை மாதம். எப்போது சாயும், எப்போது சாயாது என்று யாருக்கும் தெரியாது. முதலாளி ஒருநாள் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் பட்டு வேட்டியோடு வந்து நின்றபோது அது சாய்ந்து கிடந்தது. வந்த கோபத்தில் சாவியைத் தூக்கி ஜெயபால் முகத்தில் எறிந்தார். லாரிக்கெல்லாம் காற்று வால்வு செய்து அனுப்புகிற கம்பெனி, தன் முதலாளியின் காரில் காற்று போனதும் பட்டணத்துப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குத்தான் தூக்கி அனுப்பியது. எங்களில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். ஒருநாள்கூடச் சாயவில்லை. திரும்பி வந்த மூன்றாம் நாளே சாய்ந்தது. ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு நேரிலேயே வந்தார். படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தபடி சொன்னார்: "சார், எங்ககிட்ட இருந்தவரைக்கும் வண்டி நல்லா இருந்தது. இங்க யாரோ கை வைக்கிறாங்க. டாங்க்குக்கு அடியில, காத்துல சேர்ற தண்ணிய எடுக்கிற நட்டு இருக்கில்ல, அதுல ஸ்பேனர் போட்ட கீறல் புதுசு புதுசா இருக்கு. ஒரிஜினல் வால்வைக் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட் போட்டிருந்தா இப்படித்தான் ஆகும்."

வேறு யார் கை வைப்பார்கள்? டிரைவர்தான். முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் டைம். வித்த சாமானைக் கொண்டாந்து வை. இல்லேன்னா ஸ்டேஷன்ல திருட்டு கம்ப்ளைண்ட்."

திருட்டு கம்ப்ளைண்ட் என்றால் இந்த வேலை போவதோடு நிற்காது. பஸ் வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும். கம்ப்ளைண்ட் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும், பிறகு எவனும் அவனை ஸ்டீயரிங் பக்கம் விடமாட்டான்.

இரண்டு வாட்ச்மேன்களையும் முதலாளி கூப்பிட்டு விசாரித்தார். ஒருவர் பரந்தாமன். இன்னொருவர் கோவிந்தராஜ், பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர். ஆவடி மிலிட்டரி டிப்போவில் பத்தொன்பது வருஷம் பெரிய வண்டி ஓட்டியவர். கண் பரிசோதனையில் பார்வை குறைவு என்று எழுதிவிட்டதால் சீட்டை விட்டு இறங்கியவர். பஞ்சவர்ணம்தான் முதலாளியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்திருந்தாள். "ராத்திரி வண்டிகிட்ட யாராச்சும் போறாங்களா?" என்று முதலாளி கேட்டார். கோவிந்தராஜ் விறைப்பாக நின்று, "யாரும் கிட்ட வர முடியாது சார்" என்றார். மிலிட்டரி ஆள் சொன்னால் முதலாளிக்கு மறுபேச்சே கிடையாது.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் ஜெயபால் எங்கள் பெஞ்சுக்கு வந்தான். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நீங்க காத்து பாக்கறவங்க. எனக்காக ஒரு தபா பாருங்கக்கா. கர்த்தர் மேல சத்தியமா நான் எதையும் வித்துத் துன்னல."

பஞ்சவர்ணம் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அழுவாத. மொதல்ல எந்தெந்த தேதில சாஞ்சிதுன்னு எழுதிக் குடு. ஒண்ணு வுடாம" என்றாள்.

முதலாளியிடம் அவளே போய் அனுமதி கேட்டாள். அவர் சிரித்தார். பெரிய ஒர்க்‌ஷாப்பே கை விரித்த வண்டியை, தொட்டியில் குமிழி எண்ணுகிறவள் பார்க்கிறாளாம். "பாரு, பாரு" என்றார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்று முழுச் சாப்பாட்டு நேரமும் அவள் காருக்கு அடியில்தான் இருந்தாள். சோப்பை நன்றாக நுரைத்து, பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு குழாய் மூட்டிலும் பூசினாள். காற்று கசிந்தால் நுரை உப்பும். எங்கேயும் உப்பவில்லை. சக்கரத்துக்கு மேலே நான்கு இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, தரையிலிருந்து எத்தனை விரல் என்று அளந்து வைத்தாள். செவ்வாய் காலை அளந்தாள், ஒரு விரல்கூட இறங்கவில்லை. புதன் காலை நாங்கள் வருவதற்குள் இடது மூலை நான்கு விரல் இறங்கியிருந்தது. ஜெயபால் ஸ்டார்ட் பண்ணியதும் எழுந்துவிட்டது. மறுபடி நுரை பூசினாள். ஒன்றுமில்லை.

"பேய் வண்டிடி இது" என்றேன்.

"காத்து ஓட்டை நாள் பாத்து ஒழுவாது" என்றாள் அவள். "ஒழுவினா தெனமும் ஒழுவணும். நாள் பாக்கறது மனுசன்தான்."

வியாழக்கிழமை அவளுக்கு ஒன்று தோன்றியது. எங்கள் பெஞ்சில் ஒருவழி வால்வு என்று ஒன்று வரும். காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும், திரும்பி வர விடாது. அதைச் சோதிக்க நேர்ப்பக்கம் காற்றடித்துப் பிரயோஜனமில்லை, எதிர்ப்பக்கம் அடிக்க வேண்டும். இந்தக் காரிலும் ஒவ்வொரு பைக்கு முன்னாலும் அப்படி ஒரு வால்வு இருந்தது. டாங்க்கில் காற்று நிறைந்திருக்கும்வரை அந்த வால்வு கெட்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. பையிலிருந்து காற்று திரும்பிப் போக வழியில்லை, அந்தப் பக்கம்தான் டாங்க்கு நிறைந்து நிற்கிறதே. எல்லோரும் எஞ்சினை ஓட்டி, டாங்க்கை நிரப்பி, அப்புறம்தான் பார்த்திருக்கிறார்கள்.

"ஜெயபாலு, டாங்க்குல கீற காத்த மொத்தமும் தொறந்து வுடு" என்றாள்.

அவன் நட்டைத் தளர்த்தினான். 'புஸ்' என்று இரைந்து காற்று போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து வந்து அளந்தோம். இடது மூலை மூன்று விரல் இறங்கியிருந்தது. மற்ற மூன்று மூலைகளும் அசையவில்லை.

ஜெயபால் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தான். "கண்டுபுடிச்சிட்டீங்கக்கா! அந்த ஒரு வால்வுதான்! இப்பவே மொதலாளிகிட்ட சொல்லிட்றேன்."

"நில்லு" என்றாள் பஞ்சவர்ணம். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. "வால்வு கெட்டுக்கீதுன்னு நீ போய் சொன்னா அந்த நீலக் கோட்டு இன்னா சொல்லுவான்? பாருங்க சார், ஒரிஜினல வித்துட்டு டூப்ளிகேட்ட மாட்டிக்கினான்னு நான் சொல்லலயான்னுவான். நீயே உன் கழுத்துல கயித்த மாட்டிக்கிறதா?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வால்வு கெட்டுப்போனது பாதிதான். டாங்க்கு காலியானாத்தான் வண்டி சாயும். டாங்க்கு தானா காலியாவாது. யாரோ தொறக்கறான். நீ தொறக்கலன்னா யாரு? அது தெரியாம மொதலாளி முன்னாடி போவ முடியாது."

சாயங்காலம் நாங்கள் இருவரும் மேனாம்பேட்டுக்கு நடந்து போனோம். இருவருக்கும் அடுத்தடுத்த தெரு. வழியெல்லாம் அவள் ஜெயபால் எழுதிக் கொடுத்த தேதிச் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். மொத்தம் பதினாறு தேதி. கிழமையில் ஒரு ஒழுங்கும் இல்லை. வாட்ச்மேன் ரிஜிஸ்டரில் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் பரந்தாமனுக்கு நைட், ஒரு வாரம் கோவிந்தராஜுக்கு நைட் என்றுதான் அதில் கையெழுத்து இருக்கும். உள்ளபடி அவர்கள் இருவரும் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். பரந்தாமன் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, நினைத்த நாளெல்லாம் கோவிந்தராஜ் அவருக்குப் பதிலாக வந்து நிற்பார். ரிஜிஸ்டரில் மட்டும் பழையபடியே கையெழுத்து. இது எங்களுக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். நான் பூட்டிய வால்வை முக்கிவிட்டு எண்ண மறந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போது கையைப் பிடித்து உலுக்கினேன்.

"வசந்தா, இந்தப் பதினாறு நாளும் காலையில ஆறரைக்கு நான் ரெண்டாவது தபா காபி போட்டுக்கீறேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நைட் டூட்டி முடிஞ்சி அவரு வர்ற நாள்ல மட்டும்தான் ரெண்டாவது தபா போடுவேன். ஊட்டு காலண்டர்ல அந்தக் கூடுதல் பால் கணக்கு எழுதி வச்சிருந்தேன். ராத்திரி குந்திகினு ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்தேன். ஒரு நாள் தப்பல." உருட்டிய சோற்றை டப்பாவிலேயே போட்டாள். "ஒரு நாளாச்சும் தப்பாதான்னு மூணு தபா பாத்தேன்டி."

கோவிந்தராஜ் திருடுகிற மனுஷனா? பீடி இல்லை, குடி இல்லை. "நேராவே கேட்டுடேன்" என்றேன்.

"கேட்டா இல்லன்னு சொல்லிட்டார்னா? அப்புறம் நான் அந்த ஊட்டுல எப்பிடி இருக்கறது?" என்றாள். "இன்னிக்கு ராத்திரி அவருக்குத்தான் டூட்டி. காலையில அஞ்சு மணிக்கு எங்கூட வா. கண்ணால பாத்துட்றேன்."

சனிக்கிழமை ஐந்தரைக்கு நாங்கள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. பக்கவாட்டுச் சின்னக் கதவு திறந்தேதான் கிடந்தது. ஆபீஸைத் தாண்டி கார் ஷெட்டுப் பக்கம் திரும்பும் முன்பே அந்தச் சத்தம் கேட்டது.

புஸ்ஸ்ஸ்.

பஞ்சவர்ணம் நின்றுவிட்டாள். என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் தழும்பு விழுந்திருக்கும். எனக்கே அந்தச் சத்தம் தெரிந்தபோது, அதையே கேட்டுப் பிழைத்தவளுக்குத் தெரியாதா?

காருக்கு அடியில் கோணிச்சாக்கு விரித்து கோவிந்தராஜ் படுத்திருந்தார். காற்று அடங்கியதும் நட்டை முறுக்கிவிட்டு வெளியே நகர்ந்து வந்தார். கையில் ஒரு டீ கிளாஸ், அதில் கால் பங்கு காவி நிறத் தண்ணீர். எங்களைப் பார்த்துத் திடுக்கிடக்கூட இல்லை. அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் அந்த மனுஷன் முகத்தில் அப்படிப்பட்ட சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

"பஞ்சு, பாத்தியா? எவ்ளோ தண்ணி பாரு! இந்தக் காத்துல அவ்ளோ ஈரம். எடுக்காம வுட்டா டாங்க்கு துருப்புடிச்சிப் பூடும். ஜெயபாலு நல்ல பையன்தான், ஆனா இதெல்லாம் அவனுக்கு எங்க தெரியுது."

"எத்தினி நாளா பண்றீங்க?"

"வண்டி வந்து கொஞ்ச நாள்லேர்ந்து. என் நைட் டூட்டி அன்னிக்கெல்லாம். ஃபர்ஸ்ட் பரேடு பண்ணாம ஒரு வண்டிய டிரைவர் கையில குடுக்கலாமா?"

ஃபர்ஸ்ட் பரேடு என்றால் மிலிட்டரியில் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய வேலை. எண்ணெய், தண்ணீர், டயர், கடைசியில் ஏர் டாங்க்கைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது. பத்தொன்பது வருஷம் செய்தது கையிலேயே இருந்தது. லாரியில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இந்தக் காரில் ஒரு வால்வு கெட்டுக் கிடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஐந்தரைக்கு டாங்க்கு காலியாகும், எட்டு மணிக்குள் மூலை உட்கார்ந்துவிடும். ஆறு மணிக்கே அவர் வீட்டுக்குப் போய்விடுவார். சாய்ந்து கிடந்ததை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

"மொதலாளி கேட்டப்ப யாரும் கிட்ட வரலன்னு சொன்னீங்களே" என்றாள் பஞ்சவர்ணம்.

"யாரும் வரலதானே? நான் பண்றது மெயின்டனன்ஸ். அதுவும் கை வக்கிறதும் ஒண்ணா?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார். வண்டி சாய்வதெல்லாம் இதனால்தான் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிப்போனது. பாவமாக இருந்தது எனக்கு. யாராவது இரண்டு அறை விட்டிருந்தால்கூட அந்த மனுஷன் தாங்கியிருப்பார்.

"பத்து மணிக்கு அந்தப் புள்ள மேல கேஸ் குடுக்கறாங்க" என்றாள்.

"நான் சொல்லிக்கிறேன்" என்றார். "நான் பண்ணத நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத. ஊட்டுக்குப் போயி குளிச்சிட்டு, பத்துக்குள்ள வந்துட்றேன்."

அவள் அவர் கையிலிருந்த கிளாஸை வாங்கி, தண்ணீரைக் கீழே ஊற்றினாள்.

ஒன்பது மணிக்கு ஜெயபாலும் அவளுமாக அந்த வால்வைக் கழற்றினார்கள். பத்து மணிக்கு முதலாளி வந்தார், கூடவே நீலக் கோட்டும் வந்தார். டைப் அடித்த கம்ப்ளைண்ட் இரண்டு காப்பி முதலாளி கையில் இருந்தது. வாசலில் ஸ்கூட்டரோடு ஆபீஸ் கிளார்க் ஸ்டேஷனுக்குப் போகத் தயாராக நின்றார். எல்லோரும் எங்கள் டெஸ்ட் பெஞ்சைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

பஞ்சவர்ணம் வால்வை எதிர்ப்பக்கமாக மாட்டித் தொட்டியில் முக்கினாள். எண்ணவே வேண்டாம், குமிழிகள் பொலபொலவென்று வந்தன.

"சார், நான்தான் சொன்னேனே!" என்று நீலக் கோட்டு குதித்தார். "டூப்ளிகேட்!"

அவள் வால்வை வெளியே எடுத்து முதலாளியிடம் நீட்டினாள். "இல்ல மொதலாளி. உள்ள பாருங்க, பல வருசத்துக் கசடு. புதுசா மாட்டினதுல இப்பிடி இருக்காது. இது வண்டியோட வந்ததுதான்."

முதலாளி விரலை விட்டுப் பார்த்தார். விரல் கறுப்பாகி வந்தது. கொஞ்சம் யோசித்தார். அவர் நியாயம் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன், அவசரக்காரர், அவ்வளவுதான். "சரி, அப்போ டாங்க் நட்டுல கீறல் ஏது? தொறந்தது யாரு?"

பஞ்சவர்ணம் கேட் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். கேட்டில் பரந்தாமன் மட்டும் நின்றுகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பத்து பதினைந்து.

"நீதானேடா தொறந்தே?" என்று முதலாளி ஜெயபாலைக் கேட்டார்.

"வியாழக்கிழமை ஒரே ஒரு தபா, அக்கா சொல்லி..." என்று அவன் உளறினான். உண்மையைத்தான் சொன்னான். ஆனால் அந்த நேரத்தில் அது ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது.

"அவ்ளோதான் சார்" என்றார் நீலக் கோட்டு.

முதலாளி பேனாவைத் திறந்தார். பஞ்சவர்ணத்தின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை வரை எண்ணினாளோ தெரியாது. முதலாளி முதல் காப்பியில் கையெழுத்துப் போட்டார். மறுபடி கேட்டைப் பார்த்தாள். யாருமில்லை. இரண்டாவது காப்பியிலும் போட்டார். கிளார்க்கைப் பார்த்துக் கையை நீட்டினார். ஜெயபால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மொதலாளி" என்றாள் பஞ்சவர்ணம். "தொறந்தது என் ஊட்டுக்காரரு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். பதினாறு தேதி, காபி, பரேடு, கோணிச்சாக்கு, டீ கிளாஸ். அவள் குரல் நடுங்கவில்லை. கைதான் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். கோவிந்தராஜ் பின்னால் பத்தடி தூரத்தில் வந்து நின்றிருந்தார். பழைய மிலிட்டரி உடுப்பு போட்டிருந்தார், மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தது. மூச்சு வாங்கியது, ஓடி வந்திருக்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. 'என் ஊட்டுக்காரரு' என்பதை மட்டும் கட்டாயம் கேட்டிருப்பார்.

முதலாளி அவரைப் பார்த்தார். "நெசமா?"

கோவிந்தராஜ் சல்யூட் அடித்தார். "ஆமா சார். நான்தான் சார்."

"பொண்டாட்டி சொன்னப்புறம் 'ஆமா'ங்கிறே. நான் கேட்ட அன்னிக்கு இந்த வாய் எங்கய்யா போச்சு? நீயே வந்து சொல்லியிருந்தேன்னு வை, தெரியாம பண்ணிட்டே, போய்த் தொலைன்னு விட்டிருப்பேன். இப்போ உன்னை எப்படி கேட்ல நிக்க வைக்கிறது?"

சொல்லத்தான் வந்தேன் என்று அந்த நேரத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? கோவிந்தராஜுக்கே அது தெரிந்திருந்தது. விசிலையும் டார்ச் லைட்டையும் மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார். முதலாளி இரண்டு காப்பியையும் கிழித்துப் போட்டார். ஜெயபால் எழுந்து வந்து பஞ்சவர்ணத்தின் காலில் விழப் போனான். அவள் அவனைத் தாண்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"இஸ்திரிக்காரன் ஒம்போதரைக்குத்தான் கரி பத்த வச்சான்" என்றார் கோவிந்தராஜ். கோபமே இல்லை அவர் குரலில், இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அழுக்கு லுங்கியோட வந்து நின்னு சொல்றதுக்கு மனசு வரல பஞ்சு. அஞ்சு நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதா?"

அவர் நடந்து போனார். அவள் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஜெயபாலுக்கு அந்த வருஷமே பஸ் வேலை கிடைத்தது. கோவிந்தராஜ் பிறகு கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாட்ச்மேனாகப் போனார். பஞ்சவர்ணத்தை அவர் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, சாப்பாட்டைத் தள்ளியதில்லை. தெருவில் எல்லோரும் அவரைத் தங்கமான மனுஷன் என்பார்கள், அது உண்மைதான். அந்தக் காரை முதலாளி இரண்டு வருஷத்தில் விற்றுவிட்டார்.

ஐந்தாறு வருஷம் கழித்து, கம்பெனி மூடப் போகிறது என்று பேச்சு வந்த நாட்களில், நான் அவளைக் கேட்டுவிட்டேன். அவ்வளவு நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்ததே எனக்குப் பெரிசு.

"அன்னிக்கு அவர் சொல்லத்தான் வந்தாரு, தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் இன்னா? ஊட்டுல எல்லாம் சரியாத்தானே கீது?"

பஞ்சவர்ணம் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். "கொஞ்ச நாள் கழிச்சி ஒரு நாள் சோறு துன்னுகினே கேட்டாரு வசந்தா. 'நான் வருவேன்னு நீ நம்புனியா இல்லியா, அத மட்டும் சொல்லு'ன்னாரு. நம்புனேன், ஆனா பையன் நெலமையப் பாத்து சொல்லிட்டேன்னு சொல்லியிருக்கலாம். அதான் அவருக்கு வேண்டியிருந்திச்சு. எனக்குப் பொய் வரல."

"இன்னாடி சொன்னே?"

"நம்பலன்னு சொன்னேன். பதினெட்டு வருசம் குடித்தனம் பண்ணியும் அந்த அஞ்சு நிமிசம் உங்கள நம்பலன்னு சொல்லிட்டேன்" என்றாள். "சரின்னுட்டு, மிச்சம் கீற சோத்தத் துன்னுட்டு, தட்டக் கழுவி வச்சிட்டுப் படுத்துட்டாரு."